மாலை சுற்றிய பிள்ளை

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம் தோட்டத்து மதுரைவீரன் கோயில் நிர்வாகத்தினர் நால்வர் நமது இல்லத்திற்கு வந்தனர். கோயில் முகப்பில் பதிப்பதற்குக் கருங்கற் பலகையொன்று செய்யப் போவதாகவும், அதில் பொறிக்க வீரனது வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரவேண்டுமென்றும் கேட்டனர். கிராணி வேலை பார்ப்பவனுக்கு இத்தகைய கோரிக்கைகள் புதியன அல்ல. பிறப்புப் பத்திரம் தொலைத்தவர், சேமநிதிப் பாரம் நிரப்ப வேண்டியவர், வங்கிக் கடிதத்தின் பொருள் விளங்காதவர் யாவரும் நம்மிடந்தான் வருவர். இப்பொழுது கடவுளுக்கும் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருக்கிறது போலும் என்று எண்ணி, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டோம். மூவார் நகரத்துக் கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடுகிறவராம். ஆதலால் பன்னிரண்டு வரிக்கு மேற்படக் கூடாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

விடைபெறும் சமயத்தில் தலைவர் மட்டும் சற்றுப் பின்தங்கி, "காசி ராஜாவின் மகன் என்று ஆரம்பியுங்கள், கிராணியாரே. மற்ற கதையெல்லாம் கல்லிலே வேண்டாம்" என்றார்.

மற்ற கதை என்று அவர் குறித்தது யாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நாம் ஆங்கிலம் படித்தவர்கள். அப்படிப்பினால் வந்த பல பழக்கங்களுள் ஒன்று, மேல்நாட்டுப் பழம் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருப்பது. அவற்றுள்ளும் அமெரிக்க மலைநாட்டு ஏழை வெள்ளையர் பாடிவந்த கொலைப் பாட்டுக்களில் நமக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. 'நாக்ஸ்வில் பெண்' என்பது அவற்றில் ஒன்று. லூவின் சகோதரர் என்னும் இருவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட துயரப் பாடற்றொகுதியில் அதனைக் கேட்கலாம். ஒருவன் தான் மணப்பதாகச் சொன்ன பெண்ணை மாலையில் உலாவ அழைத்துச் செல்கிறான். வழியிற் கிடந்த கம்பொன்றை எடுத்து அடித்துக் கொல்கிறான். உடலை ஆற்றில் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறான். உடையில் இரத்தக் கறை ஏது என்று தாய் கேட்கிறாள். மூக்கிலிருந்து ஒழுகியது என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறான். பின்பு சிறை. அண்ணனும் தம்பியுமாக இனிய குரலில் இதனைப் பாடும்போது, ஏன் கொன்றான் என்ற கேள்விக்கு மட்டும் பாட்டில் விடையே இராது.

ஆராய்ந்தோர் அதற்கு விடை கண்டிருக்கின்றனர். அப்பாட்டு அமெரிக்காவிற் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்தில் ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்ற மாவாலைக்காரன் பாட்டுத்தான் அதற்கு முன்னோர். அதில் காரணம் வெளிப்படையாக இருந்தது. பெண் கருவுற்றாள், அவளை மணந்துகொள் என்று அவனை நெருக்கினார்கள், அவன் கொன்றான். அயர்லாந்துக்குப் போனபோது அவள் வெக்ஸ்போர்டுப் பெண்ணானாள். கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தபோது டென்னசி மாகாணத்து நாக்ஸ்வில் பெண்ணானாள். ஊர் மாறியது பற்றிக் குறையில்லை. பாட்டுக்கள் குடியேறும் நாட்டு முகவரியை எழுதிக்கொள்வது இயல்பே. ஆனால் போகும் வழியில் அவள் வயிற்றுப் பிள்ளை உதிர்ந்துவிட்டது. கூச்சத்தினால் பாடுவோர் அதனை விட்டனர். கொலை எஞ்சியது, காரணம் போயிற்று.

நம்மவருக்கும் கொலைப் பாட்டு உண்டு. 'கொலைச் சிந்து' என்பது அதன் பெயர். சென்னை குஜிலிக் கடைத் தெருவில் மலிவுத் தாளில் அச்சாகி, சந்தையிலும் இரயில் வண்டியிலும் பாடி விற்கப்பட்ட சிறு புத்தகங்கள் அவை. இவ்வகை நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1952-ஆம் ஆண்டில், பேனா வியாபாரி ஆளவந்தார் சென்னையில் கொலையுண்டு, தலையற்ற உடல் பெட்டியில் அடைபட்டுப் போட் மெயில் வண்டியில் மானாமதுரை வரை பயணம் செய்ததே, அதனையும் சிந்து பாடி விற்றார்கள். படித்தவர்கள் இவற்றைக் கையாலும் தொடமாட்டார்கள். படியாதவர்கள் காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இந்நாட்டிலோ கொலைகளுக்குப் பாட்டுக் கிடைப்பது ஆளைப் பொறுத்தது. 1911-இல் கோலாலம்பூரில் வெள்ளை மாது ஒருத்தி ஒரு வெள்ளையனைச் சுட்டுக் கொன்றாள். அதனைச் சாமர்செட் மாம் கதையாக்கி 1926-இல் தம் தொகுதியிற் சேர்த்தார். 1940-இல் அது ஹாலிவுட் படமும் ஆயிற்று. லயத்தில் விழுந்த வெட்டுக்கள் போலீஸ் புத்தகத்தோடு முடிந்தன.

ஆனால் ஒரு கொலைப் பாட்டு மட்டும் ஜனங்களோடு கப்பலேறி வந்தது. நேயர்களில் எத்தனை பேர் அதனைக் கொலைப் பாட்டு என்று எண்ணியிருப்பீர்களோ அறியோம். மதுரைவீரன் கதையைத்தான் சொல்கிறோம்.

அச்சுப் புத்தகங்கள் கூறும் கதை இது. காசி அரசனுக்கு ஒரு பிள்ளை கொடி சுற்றிப் பிறக்கிறது. 'மாலை சுற்றிப் பிறந்தது' என்று நம் தாய்மார் சொல்வது அதுதான். சோதிடர் நாட்டுக்கு ஆகாது என்று சொல்ல, குழந்தையைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சக்கிலியச் சின்னானும் அவன் மனைவி செல்லியும் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். பிற்பாடு சின்னான், பொம்மண நாயக்கனிடம் வேலைக்கு அமர்கிறான். நாயக்கன் மகள் பொம்மி பருவமடைந்து ஊர்ப்புறத்துக் குடிசையில் தனித்திருக்க, அதற்குக் காவல் சின்னான். மழை கொட்டும் ஓரிரவில், தந்தைக்குப் பதிலாக வீரன் காவலுக்குப் போகிறான். இருவரும் காதல் கொண்டு ஓடுகிறார்கள். படை துரத்துகிறது, நாயக்கன் மாள்கிறான். திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கலிங்க நாயக்கரிடம் வீரன் சேவகம் பெறுகிறான். அங்கிருந்து கள்ளரை அடக்க மதுரைத் திருமலை நாயக்கரிடம் அனுப்பப்படுகிறான். அங்கே வெள்ளையம்மாள் என்னும் ஆடல் மகள் மீது காதல். அவளைக் கூட்டிச் செல்லும் இரவில் அகப்படுகிறான். மாறு கால் மாறு கை வாங்க அரசன் ஆணையிடுகிறான். மீனாட்சியருளால் வெட்டுண்ட உறுப்புக்கள் வளர்ந்தும், 'இது ஊழ்' என்று கூறித் தானே உயிர் விடுகிறான். பின்னர் தெய்வமாகிறான். மதுரை மீனாட்சி கோயிலின் கீழைக் கோபுர வாயிலில் இன்றும் அவனுக்குச் சந்நிதி உண்டு.

சரித்திரம் பார்ப்பவருக்கு இக்கதை இடறும். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. விசயரங்க சொக்கநாதர் அரசுரிமை பெற்றதோ 1706-இல். ஒருவர் மற்றவரிடம் சேவகனை அனுப்புவது நடவாத காரியம். இதைப் பற்றி நமக்குப் பெரிய கவலையில்லை. பாட்டுக்காரன் பஞ்சாங்கம் பார்த்துப் பாடுவதில்லை. நம் கவலையெல்லாம் முதற் பகுதியைப் பற்றியதே. பேராசிரியர் நா. வானமாமலை முதலிய ஆய்வாளர் காசிப் பிறப்பு பிற்காலத்து ஒட்டு என்றே கருதினர். ஒட்டியதன் பயன் யாதெனின், குற்றம் குறைந்துபோகிறது. சக்கிலியன் மகன் நாயக்கன் மகளைக் காதலித்ததற்காகத் துரத்தப்பட்டான் என்றால் அது அநீதி. இளவரசன் ஒருவனை அடையாளம் தெரியாமல் துரத்தினார்கள் என்றால் அது ஆள் தெரியாமல் நேர்ந்த பிழை. அநீதிக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். பிழைக்கு ஒரு சந்நிதி கட்டினாற் போதும்! கடைசியில் அவன் தானே உயிர் விட்டான் என்று சேர்த்துவிட்டால், அரசனும் தப்பித்துக்கொள்கிறான்.

இது வீரனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. முத்துப்பட்டன் கதையில் மணமகன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவரை மணப்பதற்காகப் பூணூலை எறிந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாமனார் காத்த ஆநிரையைக் கவர வந்த கள்ளரோடு பொருது மாண்டவன். பாபநாச மலைச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றும் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். வானமாமலை பதிப்பித்த அக்கதை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதிலும் பின்னே வந்த பாடங்கள் அவ்விரு பெண்களையும் பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து கைவிடப்பட்டவர்கள் ஆக்கிவிட்டன. பூணூலை எறிந்தவன் கதைக்கு யாரோ வேறொரு பூணூலை அணிவித்திருக்கிறார்கள். காத்தவராயனும் அவ்வாறே. ஆரியமாலை என்னும் பார்ப்பனப் பெண்ணைக் காதலித்துக் கழுவேறியவன், சிவபெருமான் பிள்ளையென்று முடிகிறது.

இம்மலாயா நாட்டில் ரப்பர்த் தோட்டம் தோன்றிய இடமெல்லாம் மாரியம்மன் கோயிலுக்கு எல்லையில், அரிவாளும் சுருட்டுமாக வீரன் நின்றான். பொம்மியும் வெள்ளையம்மாளும் இரு பக்கத்தில். கங்காணி கூட்டி வந்த ஜனங்களுக்கு, காவற்காரனாக வேலை பார்த்து அதிகாரியால் வெட்டுண்டவனைக் காட்டிலும் நெருங்கிய தெய்வம் வேறு எது? 1956-இல் எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த 'மதுரை வீரன்' வந்த பின்பு, பட்டாடை உடுத்த இளவரசன் தோட்டங்களிலும் நிலைத்துவிட்டான். அப்படத்தில் சின்னானாக நடித்தவர் என். எஸ். கிருஷ்ணன்; செல்லியாக டி. ஏ. மதுரம். 1944-இல் நடந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கித் தண்டிக்கப்பட்டு, 1947-இல் விடுதலையாகி வந்தவர் அல்லரோ கிருஷ்ணன்! கொலைப் பாட்டின் செருப்புத் தைப்பவனாக அவர் நின்றதை நினைக்கும்போது நமக்கு ஏதோ செய்கிறது. இக்காலத்தில் உறுமி மேளக் குழுவினர் வீரன் பாட்டை ஒலிபெருக்கியில் முழக்குகிறார்கள். தாளம் நன்று. கதை கேட்பார் இல்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கற்பலகைக்கு எழுத உட்கார்ந்தவுடன் அது குறுக்கே வந்து நின்றது.

நம் பாட்டனார் இக்கோயிலின் பூசாரி. பகலில் பால் மரம் வெட்டுவார். திருவிழா இரவில் உடுக்கை அடித்து வீரன் கதையை விடிய விடியப் பாடுவார். சிறு வயதில் கோணிச் சாக்கின் மேற் படுத்து அதனைப் பல ஆண்டு கேட்டிருக்கிறோம். அப்பொழுதே நமக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மழை பெய்யும், குடிசை வாசலில் வீரன் நிற்பான், உள்ளேயிருந்து பொம்மி யாரென்று கேட்பாள், உடனே உடுக்கை வேகமெடுக்கும். அடுத்த அடியில் திருச்சிராப்பள்ளி வந்துவிடும். நடுவில் என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டோம். "தூங்கிவிட்டாய்" என்றார். நாம் தூங்கவில்லை.

பாட்டனாருக்கு ஒரு மகள் உண்டு. நம் தந்தைக்கு மூத்தவர். 1974-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், கீழ் லயத்துப் பிள்ளை ஒருவரோடு இரவில் தங்காக்குக்குப் போய்விட்டார். அவர் இன்ன ஜாதி, நாம் இன்ன ஜாதி என்று இப்பத்திரிகையில் எழுத நமக்கு விருப்பமில்லை; நேயர்கள் ஊகித்துக்கொள்வது எளிது. பாட்டனார் மகளைத் தலை முழுகினார். வீட்டில் அந்தப் பெயரை எவரும் எடுப்பதில்லை. மூவாருக்கும் தங்காக்குக்கும் மோட்டாரில் அரை மணிப் பயணம். அவ்வரை மணிப் பயணத்தை நம் குடும்பத்தார் முப்பத்தேழு வருஷம் செய்யவில்லை.

2011-இல் பாட்டனார் இறந்தபோது அத்தை வந்தார். தோட்டத்துச் சாக்கடைக்கு அப்பால், ரம்புத்தான் மரத்தடியில், ஈரத் தலையோடு நின்றார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. தந்தையார் கூப்பிடவில்லை. நாமும் கூப்பிடவில்லை. அப்பொழுது நமக்கு இருபது வயது கடந்துவிட்டது; சீர்திருத்தப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. அவரைப் பார்த்தோம், பார்த்தபின் பந்தற் காலைப் பார்த்தோம். பின்னர் நமது திருமணத்திற்கு நானூறு பத்திரிகை அச்சடித்து, முதலாளி வீட்டு மோட்டாரோட்டிக்குக்கூடக் கொடுத்தோம். தங்காக்குக்கு ஒன்று போகவில்லை.

கற்பலகை வந்து சேர்ந்த மறு வாரந்தான் நாம் அந்த அரை மணிப் பயணத்தைச் செய்தோம். போனது பாட்டைக் கேட்க என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். வேறு எதற்காகவும் போகத் துணிவிருக்கவில்லை. அத்தை கதவைத் திறந்து, சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்து, "உன் தாத்தா மூக்கு, தம்பி" என்றார். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீர் வந்தது. வந்த காரியத்தைச் சொன்னோம். நகைப்பாரோ கோபிப்பாரோ என்று அஞ்சினோம். அத்தையோ சமையலறைக்குப் போய் ஒரு காலி மைலோ டின்னை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தட்டித் தட்டி ஒன்றரை மணி நேரம் பாடினார்.

அந்தப் பாட்டில் காசி இல்லை. வீரன் சின்னானுக்கும் செல்லிக்கும் பிறந்தவன். மாலை சுற்றிப் பிறந்தான் என்பதுண்டு. ஆனால் செல்லி அதைக் கழற்றி எறிந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்றே இருந்தது. "அப்பா இப்படித்தான் பாடுவார். காசியெல்லாம் எம்ஜியார் படம் வந்து புகுந்தது" என்றார் அத்தை. அது சரியன்று. படத்திற்கு வெகு காலம் முன்பே அச்சுப் புத்தகங்களில் காசி இருக்கிறது. ஆயினும் சேலம் ஜில்லாவிலிருந்து புத்தகமின்றி வாய்வழியாக இத்தோட்டத்திற்கு வந்த பாட்டில் அது இல்லாதிருந்ததில் வியப்பில்லை.

நாம் தேடிய பகுதியும் வந்தது. மழை இரவுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நடுவில் ஓர் ஆறு. அக்கரையில் பொம்மி, இக்கரையில் தகப்பனும் படையும். தகப்பன் அழைக்கிறான். அவள் கரையில் நின்றபடி, தான் இழுத்து வரப்பட்டவளல்லள், நடந்து வந்தவள் என்று பதில் சொல்கிறாள். தன் மேல் வாள் விழட்டும், அவன் மேல் விழவேண்டா என்கிறாள். அது நீண்ட பகுதி. அத்தை குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. டின்னைத் தட்டிய விரல் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் தாளம் தப்பிற்று. முடித்தபின், "உன் தாத்தா இதை என் கல்யாணத்துக்கு அப்புறம் பாடவில்லையாமே? தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்" என்று கேட்டார். ஆம், நாங்கள் கேட்டதே இல்லை என்றோம். "பாடியிருந்தால் அழுதிருப்பார். பூசாரி அழக்கூடாது" என்று சொல்லி, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பாட்டிலிருந்து காரணம் உதிர்வது கடலிலே அன்று, ஓர் ஆளின் தொண்டையிலே என்பதை அன்று அறிந்தோம். பழங்கதை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலவில்லை. 2003-இல் விருத்தாசலம் வட்டாரத்தில் முருகேசன், கண்ணகி இருவருக்கும் நஞ்சு புகட்டியது யார்? 2016 மார்ச்சு மாதத்தில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது எதற்காக? அவர்களில் எவருக்கும் காசியில் தந்தையில்லை.

நாம் எழுதிய பன்னிரண்டு வரியை நிர்வாகத்தினர் முன் வைத்தோம். முதல் வரியில் பெற்றோர் சின்னான், செல்லி என்றிருந்தது. அதன்மேல் எழுந்த வாதத்தை இங்கே விரிக்க வேண்டா. சொன்னவர்கள் யாவரும் நல்லவர்களே. கோயிலுக்கு வெளியூரார் வருகிறார்கள். பிள்ளைகள் படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள். எதற்காக அதைக் கல்லிலே வெட்டவேண்டும் என்பது அவர்கள் கட்சி. காசியென்று பொய் எழுத நம் கை வராது என்பது நம் கட்சி. இரவு பதினொரு மணிக்கு ஒருவாறு சமாதானமாயிற்று. காசியும் வேண்டா, சின்னானும் வேண்டா, 'திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக் காவலுக்கு வந்தவர்' என்று தொடங்கிவிடலாம், எழுத்தும் மிச்சம். 'வெட்டுண்டார்' என்பதை 'தெய்வமானார்' என்று மாற்றினார்கள். நாம் இசைந்தோம். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், பாட்டனார் தாண்டிப் போய் இறங்கிய அதே திருச்சிராப்பள்ளியில் நாமும் இறங்கிவிட்டோம் என்பது தோன்றியது.

கல்தச்சர் ஒரு முதிய சீனர். கல்லறைப் பலகைகள் வெட்டுவதே அவருடைய பெருந்தொழில். தமிழ் எழுத்தைப் படம் பார்த்து வரைவது போல் பிசகின்றி வெட்டுவார், பொருள் தெரியாது. தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆளின் பிறந்த தேதியும் இறந்த தேதியும் எங்கே என்று மலாயில் கேட்டார். இது கல்லறைக்கன்று, தெய்வத்துக்கு என்றோம். மனிதனாக இருந்த தெய்வமா என்றார். ஆம் என்றோம். எப்படி இறந்தார் என்று கேட்டார். அரசன் கையையும் காலையும் வெட்டினான் என்றோம். தாளைத் திருப்பி, அந்த வரி எது என்று கேட்டார். இல்லையென்றோம். கிழவர் சிறிது யோசித்து, மரச் சட்டத்தில் சாய்த்திருந்த கருங்கல்லின் அடிப்புறத்தை விரற்கடையால் அளந்து காட்டி, இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறதே என்றார்.

அவருடைய மேசை மேல் கிடந்த பென்சிலாலேயே அவ்விரண்டு வரியை எழுதினோம். முதல் வரியில் பெற்றோர் பெயர். இரண்டாவதில் கொன்றவன் பெயர். கூடுதல் எழுத்துக்கு உரிய கூலியை நாமே கொடுத்துவிட்டோம். நிர்வாகத்தினர் பலகையை இன்னும் பார்க்கவில்லை. ஆடித் திருவிழாவுக்கு முன் பதிப்பதாக ஏற்பாடு. அத்தைக்கும் மாமாவுக்கும் இவ்வாண்டு அழைப்பு நேரிலேயே கொடுத்திருக்கிறோம். வருவதாகவோ வராததாகவோ அவர்கள் இன்னும் சொல்லவில்லை.